முன்பக்கத்து இரண்டு ஏக்கர்

பதினேழு வருஷத்தில் ஒருநாளும் இருளாயியின் வேலியைத் தாண்டாத ஐயாவு கங்காணி, அன்று காலை வேலியைத் தாண்டி முற்றத்தில் வந்து நின்றார்.

இருளாயி உறைந்த ரப்பர்ப் பாலைப் பலகையில் போட்டுத் தகடாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நான்கு அடி பின்னால் தள்ளிப் போனாள். அவள் வீட்டு முற்றத்தில் அவள்தான் தள்ளி நிற்க வேண்டும். பழக்கம் அப்படி.

"என்ன இருளாயி, சொகமா இருக்கியா?"

இந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே கிடையாது. 

"இருக்கேன் சாமி. ஆளு விட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"இருக்கட்டும். ஒரு சின்ன வேல. செவ்வாக்கெழம தாப்பா வரைக்கும் வந்து நில ஆபீஸுல ஒரு கைநாட்டு வச்சிட்டு வந்துரணும். பஸ்ஸுக்கு நான் பாத்துக்கிறேன்."

"எதுக்குங்க சாமி?"

கங்காணி கைத்தடியால் தரையைக் கிளறினார். "எம்மவன் அர்ச்சுனனுக்குப் பொண்ணு கூடிருச்சு. தாப்பா மாயாண்டி காண்ட்ராக்டரு மக. பெரிய எடம். முந்தாநாளு வீடு பாக்க வந்தாங்க. ரோட்ட விட்டு ஏறுனதும் மொத வீடு ஒன் வீடு. அவருக்கு மொகம் சுண்டிப் போச்சு. நானும் நடந்தத ஒளிக்கல, சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? குடிச்ச பாலு அன்னிக்கே செமிச்சுப் போச்சு கங்காணி, மண்ணுதான் செமிக்காம நிக்குது, அது அவ பேருல இருக்கிற வரைக்கும் ஊரு பேசிக்கிட்டே இருக்கும்னாரு. நியாயந்தானே?"

இருளாயி ஈரம் போன கையை மறுபடி சேலையில் துடைத்தாள்.

"ஒன்ன நான் தெருவுல விட்டுருவனா? கீழ் லயத்துல ஒரு ரூம்பு சொல்லி வச்சிருக்கேன். காயிதம் எங்கிட்டதான் இருக்கு. நான் நெனச்சா நாளைக்கே ஒன்ன எறக்கலாம். மொறையா செய்யணும்னு பாக்குறேன். செவ்வாக்கெழம, ஏழு மணி பஸ்ஸு."

அவர் போய்விட்டார். மிதியடித் தடம் முற்றத்தில் பதிந்து கிடந்தது.

அந்தப் பாலின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். மலாய் நாட்டுப் பீடோர்ப் பக்கம் அது தெரியாதவர் இல்லை. சத்தமாகச் சொல்பவரும் இல்லை.

1909இல் ஐயாவுவின் மனைவி அர்ச்சுனனைப் பெற்றுப் போட்ட மூன்றாம் நாள் கண்ணை மூடினாள். பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டின் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை வாந்தியெடுத்து வாந்தியெடுத்து எலும்பும் தோலுமானது. எஸ்டேட்டில் அப்போது பால் ஊறிய மார்போடு இருந்தவள் ஒருத்திதான். புருஷனை மலேரியாவுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மாதக் கைக்குழந்தையோடு கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் கிடந்த இருளாயி. மேல் லயத்துக்காரர்கள் கீழ் லயத்தின் குழாயடிக்குப் பக்கத்தில்கூட வாளியை வைக்கமாட்டார்கள். அந்த லயத்திலிருந்து பால் வாங்குவதென்றால் சும்மாவா? கங்காணியின் அக்காள் அதற்கும் ஒரு முறை கண்டுபிடித்தாள்.

இருளாயி விடியுமுன் குளிக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் துணியைக் கட்ட வேண்டும். மாட்டுக் கொட்டகையில் உட்கார வேண்டும். குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். குடித்து முடித்ததும் அதே ஜன்னல் வழியாக வாங்கி மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். பால் வீட்டுக்குள் போகலாம், அவள் போகக்கூடாது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பால் முழுதும் கங்காணி வீட்டுப் பிள்ளைக்கு. அவள் பெற்ற பெண்குழந்தையைக் கொட்டகைக்குக் கொண்டுவரக் கூடாது. அந்தக் குழந்தை கீழ் லயத்தில் பக்கத்து அறை ராக்காயியின் மடியில், கஞ்சித் தண்ணீரைச் சப்பிக்கொண்டு ஆறு மாதம் கிடந்தது. ஏழாவது மாதம் செத்துப் போனது. பெயர்கூட வைக்கவில்லை. அன்று சாயங்காலமும் அர்ச்சுனனுக்குப் பசித்தது. ஆள் அனுப்பினார்கள். இருளாயி போனாள். மார்பு கட்டி வலித்ததால் போனாள் என்று அவளே பிறகு ராக்காயியிடம் சொன்னாள். வேறு என்ன செய்திருக்க முடியும் அவளால்?

பையன் ஓடியாடத் தொடங்கியதும் கங்காணிக்கு மனசு இளகியது. எஸ்டேட்டுக்கு வெளியே பத்து ஏக்கர் வாங்கி வீடு கட்டியிருந்தார். அதில் இரண்டு ஏக்கரை வெட்டி இருளாயி பேரில் அன்பளிப்பாகப் பதிந்து கொடுத்தார். கலியுகக் கர்ணன் என்றார்கள். கர்ணன் கொடுத்த இடமோ முழங்கால் தண்ணீரும் லாலான் புல்லுமாகக் கிடந்தது. பாம்புக்குக்கூடப் பிடிக்காத மூலை. நில ஆபீஸிலிருந்து திரும்பும் வழியிலேயே கிராண்டு என்ற பட்டாக் காகிதத்தை அவர் வாங்கிக்கொண்டார். "ஒங்கிட்ட இருந்தா கரையான் தின்னுரும்."

அது புதிதல்ல. கங்காணியின் தகரப் பெட்டியில் எஸ்டேட்டு ஆள்கள் எல்லாருடைய காகிதமும் இருந்தது. கப்பல் சீட்டு, ஊர்க் கடிதம், பேர் போட்ட அட்டை, எல்லாமே. ஒருவன் வேறு எஸ்டேட்டுக்குப் போக நினைத்தால் முதலில் அந்தப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். காகிதம் யார் பெட்டியிலோ ஆள் அவனுக்குச் சொந்தம் என்று எல்லாரும் நம்பினார்கள். கங்காணியும் அப்படித்தான் நம்பினார்.

இருளாயி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தாள். லாலானை வேரோடு பிடுங்கினாள். எஸ்டேட்டு ரப்பர் மரத்தடியில் வெடித்து விழுந்த விதைகளைப் பொறுக்கி வந்து நட்டாள். ஏழாவது வருஷம் முதல் மரத்தில் கத்தி வைத்தாள். பீடோரில் சீனத்துத் தவுக்கே முதலாளியிடம் தகடு விற்று, யார் வாசலிலும் நிற்காமல் சாப்பிட்டாள். பிறகுதான் அந்த வேடிக்கை நடந்தது. சர்க்கார் செம்மண் ரோட்டைக் கிழக்கே போடும் என்று எல்லாரும் காத்திருக்க, அது மேற்கே, இருளாயியின் வாய்க்காலை ஒட்டிப் போனது. யாரும் சீண்டாத பின்மூலை ஒரே மழைக்காலத்தில் முன்பக்கமாகிவிட்டது. கங்காணியின் பெரிய வீடு அவள் மரங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

கங்காணி வந்துபோன அன்று மத்தியானமே இருளாயி கீழ் லயத்துக்குப் போய் ராக்காயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ராக்காயி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "வச்சுக் குடுத்துட்டு வந்துரு. யாரோட மல்லுக்கு நிக்கப் போற? பேப்பரு அவரு பெட்டியில."

"அதான்க்கா எனக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. பேப்பரு பெட்டியில இருந்தா, பெட்டி அவருகிட்ட இருந்தா, என்னையத் தேடி எதுக்கு வந்தாரு? பதினேழு வருசமா வராத மனுசன். சொகமான்னு வேற கேக்குறாரு."

"ஏதோ மொறைக்கு."

"நமக்கு மொறை பாத்து எப்பக்கா இவங்க ஒரு காரியம் செஞ்சாங்க?"

ராக்காயி அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். இருளாயிக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதற்கு முந்தைய நாள்தான் கங்காணி ஈப்போவுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வக்கீல் காகிதத்தைப் புரட்டிவிட்டு இரண்டே நிமிஷத்தில் சொன்னார்: நிலம் அந்தப் பெண்ணுடையது; அவளாக வந்து கைநாட்டு வைத்தால் ஒழிய ஒன்றும் ஆகாது. 

சனிக்கிழமை காலை இருளாயி பால் சேகரிக்கப் போனபோது, நாற்பது மரத்துக் கிண்ணங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விடியற்காலையில் அவள் கீறிவிட்டு வந்த பால் முழுதும் மண்ணில் வடிந்து உறைந்து கிடந்தது. எந்தக் கிண்ணமும் உடையவில்லை. ஒழுங்காக, வரிசையாகக் கவிழ்த்திருந்தார்கள். கங்காணியின் ஆள்கள் எதையும் ஒழுங்காகச் செய்பவர்கள்.

அவள் ஒவ்வொரு மரமாகக் குனிந்து நாற்பதையும் நிமிர்த்தினாள். முப்பதாவது மரத்தருகில் அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே மிச்சப் பத்தையும் நிமிர்த்தினாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அவள் ரோட்டில் நின்றாள். கங்காணியும் அர்ச்சுனனும் பஸ்ஸின் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்காக மகனைக் கூட்டி வந்திருந்தார். இருளாயி கடைசிப் பலகையில், கோழிக் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் கட்டைவிரலில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பர்ப் பாலைச் சுரண்டி உரித்துக்கொண்டே போனாள். உரித்த சவ்வில் விரலின் ரேகை அச்சாக இருந்தது. அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

நில ஆபீஸில் நீண்ட மேஜைக்கு அப்பால் பதிவு எழுதும் குமாஸ்தா, இளையதம்பிக் கிராணி, உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டுப் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்றாதவர். அவருக்குப் பின்னால், திறந்திருந்த அறையில், துரை காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கங்காணி வக்கீல் எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் பழைய கிராண்டையும் மேஜையில் வைத்தார். கிராணி சேவகனைக் கூப்பிட்டு ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து படுக்கலாம் போல அத்தனை பெரிய புத்தகம். ஒரு பக்கத்தைத் திறந்து, விரலால் தொட்டு, பத்திரத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீர்தானே இருளாயி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்தாள். 'நீர்' என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

"ஆமாங்கய்யா."

"கிட்ட வாரும். இதில எழுதியிருக்கிறதை வாசிக்கிறன், கவனமாக் கேளும். பீடோரில இரண்டு ஏக்கர் காணி. அதின்ரை சொந்தக்காரி இருளாயி, அதை ஐயாவு எண்டவருக்கு அன்பளிப்பாக் குடுக்கிறா. விளங்குதோ?"

"சொந்தக்காரின்னா யாருங்கய்யா?"

"நீர்தான். வேற ஆர்?"

"காயிதம் அவருகிட்டல்ல இருக்கு."

கிராணி முதன்முறையாகக் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "கடுதாசி ஆரின்ரை பெட்டியிலயும் கிடக்கலாம். எலி தின்னலாம், மழையில நனையலாம். அது ஒரு நகல். காணி இந்தப் புத்தகத்தில இருக்கு. இதில முந்தின பேரை வெட்டிப் போட்டு உம்முடைய பேர் எழுதியிருக்கு. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொண்டில. குடுத்தவருக்கு அண்டைக்கே பாத்தியதை முடிஞ்சுது. இப்ப நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு. நீர் இதை உம்முடைய சொந்த விருப்பத்தில குடுக்கிறீரோ?"

இளையதம்பி புரட்சிக்காரர் அல்ல. அவர் வீட்டுக் கிணற்றில் இருளாயியின் சாதிக்காரர் எவரும் வாளி இறக்கியதில்லை. இறக்கினால் அவர் சும்மா இருந்திருக்கவும் மாட்டார். ஆனால் எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிப்பதிலும், கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடாததிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதம் அன்று இருளாயிக்குப் போதுமானதாக இருந்தது.

"நா மாட்டேன்னு சொன்னா?"

"மாட்டன் எண்டா மாட்டன்தான். துரை கையெழுத்து வைக்க மாட்டார்."

சேவகன் மைப்பலகையை நகர்த்தி வைத்து, அவள் விரலைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். இருளாயி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மற்ற நான்கு விரலாலும் மூடிக்கொண்டாள்.

"நா குடுக்கலைங்கய்யா."

கங்காணி மேஜையைத் தட்டினார். "கிராணியாரே, இவகிட்ட என்ன கேள்வி? நான் போட்ட பிச்சைய நான் திருப்பி எடுக்கிறேன். அம்புட்டுத்தான்."

கிராணி புத்தகத்தில் விரலை நகர்த்தினார். "பிச்சை எண்டு இதில இல்லை. நீர் அண்டைக்குச் சொல்லி எழுதினதுதான் இருக்கு. வாசிக்கட்டோ? 'என் மகன் அர்ச்சுனனுக்குப் பால் கொடுத்து உயிர் காத்த உதவிக்காக, திருப்பிக் கேளாத அன்பளிப்பாக.'"

அர்ச்சுனன் சுவரோரமாக நின்றிருந்தான். அவன் பசும்பாலில் வளர்ந்தவன் என்று அப்பா பத்துப் பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறான். லயத்தில் காற்றுவாக்கில் காதில் விழுந்ததை நம்பாமல் இருக்கப் பழகியிருந்தான். சர்க்கார் புத்தகத்தில் தன் பெயரோடு அதைக் கேட்டபோது முகம் வெளுத்துவிட்டது.

"சாட்சிக்கு வந்தவர் ஆர்?" என்றார் கிராணி.

"நான்தான்," என்றான் அவன்.

இருளாயி அவனைப் பார்க்கவில்லை. கங்காணியைத்தான் பார்த்தாள். அப்படி நேராக அவர் கண்ணைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"காண்ட்ராக்டரு சொன்னதா சொன்னீங்களே, குடிச்ச பாலு செமிச்சுப் போச்சுன்னு. குடிச்சவங்களுக்குச் செமிச்சிருக்கும். எனக்குச் செமிக்கல. எம்புள்ள கஞ்சித் தண்ணியக் குடிச்சே செத்துச்சு. அத எங்க பொதைச்சாங்கன்னு கூட இப்ப தெரியாது, மேல மரத்த நட்டுட்டாங்க. நீங்க அன்பளிப்புன்னு எழுதுனீங்க. சரின்னு வாங்கிக்கிட்டேன். இப்ப பிச்சைங்கிறீங்க. எதுவா வேணா இருந்துட்டுப் போவட்டும். எழுதுனது எம்பேருல இருக்குல்ல, அது போதும்."

கங்காணி பத்திரத்தைக் கசக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிராண்டையும் எடுக்கப் போனார். கிராணி அதன்மேல் கையை வைத்தார்.

"இது அவவின்ரை. குடுத்திட்டுப் போம்."

கங்காணி அந்தக் காகிதத்தை எடுத்து அவள் பக்கமாக வீசினார். எந்தப் பொருளையும் கீழ் லயத்துக்காரர் கையில் கொடுக்கும் வழக்கம் அவருக்கில்லை. உயரத்திலிருந்து போடுவார், அவர்கள் ஏந்த வேண்டும். காகிதம் மேஜையில் வழுக்கி, தரையில் விழுந்தது.

இருளாயி குனியவில்லை.

"கையில குடுங்க கங்காணி."

சாமி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வராததை அவளும் கவனித்தாள், அவரும் கவனித்தார். உள்ளேயிருந்து துரை தலையைத் தூக்கி என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். சொந்தக்காரி தன் காகிதத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று கிராணி எழுந்து நின்று பதில் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்ச்சுனன் வந்து குனிந்து காகிதத்தை எடுத்தான். அப்பாவின் கையில் வைத்தான். "குடுத்துருங்கப்பா. எல்லாரும் பாக்கிறாங்க."

கங்காணி காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் பிடித்து நீட்டினார். இருளாயி மறுமூலையைப் பிடிக்கவில்லை. நடுவில் பிடித்தாள். அவள் விரல் அவர் விரலில் பட்டது. அவர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். மஞ்சள் தண்ணீருக்கு அங்கே எங்கே போவார்?

கல்யாணம் நிற்கவில்லை. நாள் குறித்தாகிவிட்டது, பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. மாயாண்டி காண்ட்ராக்டரிடம் கங்காணி, "முடிச்சாச்சு, கைநாட்டு வச்சிட்டா, பாவம்னு கொஞ்ச நாளு இருக்க விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். கண்ணை உறுத்தாமல் இருக்க எல்லையில் ஆறடிக்குப் பலகையும் தகரமுமாக வேலி அடித்தார். இருளாயிக்கு அது ஒரு வகையில் வசதியாகவே போயிற்று. கோழிகள் அந்தப் பக்கம் போவது நின்றது. மேளத்தோடு ஊர்வலம் தகரத்தை ஒட்டிப் போனபோது அவள் முற்றத்தில் தகடுகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேளம் அடங்கும்வரை கையை நிறுத்தவில்லை. தன் பாலைக் குடித்தவன் மாப்பிள்ளைக் கோலத்தில் போகிறான். அதை யாரிடம் சொல்வது?

மாயாண்டி தன் பெரியதனத்துக்குக் குறை வைக்கவில்லை. தாப்பா ரோட்டில் ஐந்து ஏக்கர் ரப்பரை மகள் நவமணி பேருக்கு அன்பளிப்பாக எழுதிப் பதிந்து, காகிதத்தைத் தாம்பாளத்தில் வைத்து, சபையில் எல்லார் பார்வைக்கும் சுற்றி வரச் செய்தார். கங்காணி அதைப் பார்த்த பார்வை வேறு. நில ஆபீஸில் படித்த பாடம் அவருக்கு நன்றாக மனப்பாடமாகியிருந்தது. கொடுத்தது வாங்கியவளுக்குத்தான் சொந்தம். ஒரு தடவை ஏமாந்தது போதும்.

மூன்று மாதம் கழித்து, மத்தியான வெயிலில், தகரத்தில் கழன்றிருந்த ஒரு பலகையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பெண் இருளாயியின் முற்றத்துக்கு வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

"நான் நவமணி. பின்னால வீட்டு மருமக."

இருளாயி பழக்கத்தில் பின்னால் நகர்ந்தாள். பிறகு நின்றுகொண்டாள். அவள் நிலம், அவள் முற்றம்.

"என்ன தாயி?"

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

"எங்க வீட்டுத் தண்ணியா?"

"தாகத்துக்கு எந்த வீட்டுத் தண்ணின்னு பாப்பாங்களா?"

நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று இருளாயி சொல்லவில்லை. உள்ளே போய் அலுமினியக் குவளையில் கொண்டுவந்து கொடுத்தாள். நவமணி வாய் வைத்தே குடித்தாள். குடித்துவிட்டுக் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா நாளைக்கு என்னைய தாப்பாவுக்கு வரச் சொல்றாரு. அப்பா குடுத்த அஞ்சு ஏக்கருக்கு ஒரு கைநாட்டு வைக்கணுமாம். சும்மா ஒரு மொறைக்குத்தானாம். காயிதம் அவரு பெட்டியிலதான் இருக்கு, அதனால அது குடும்பச் சொத்துதானாம். கைநாட்டு வைக்கலேன்னா எங்கப்பா வீட்டுல கொண்டுபோய் விட்ருவேங்கிறாரு."

"ஒன் வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"ஒன்னும் சொல்லல. நேத்து நான் அழுதுக்கிட்டு இருந்தப்ப, தகரத்துல ஒரு பலகை கழண்டு கெடக்குன்னு மட்டும் சொன்னாரு. சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாரு."

இருளாயிக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை தைரியமாகச் செய்த காரியம் இவ்வளவுதான். இவ்வளவாவது செய்தானே.

"லயத்துல பேசிக்கிட்டாங்க. நீங்க அன்னிக்கு அந்த ஆபீஸுல என்ன பேசுனீங்க? எப்படிப் பேசுனீங்க?"

"பெருசா ஒன்னும் பேசல தாயி. அங்க ஒரு கிராணி இருப்பாரு. கோட்டுப் போட்டிருப்பாரு. மொகங்குடுத்துப் பேச மாட்டாரு, ஆனா ஒரு கேள்வி கேப்பாரு. ஒன் இஷ்டத்துலதான் குடுக்கிறியான்னு. அந்தக் கேள்வி ஒனக்குத்தான். மாமாவுக்கு இல்ல, ஒங்கப்பாவுக்கு இல்ல, ஒன் வீட்டுக்காரனுக்கும் இல்ல. அதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"எனக்குப் பேச்சு வராது. நாலு பேரு முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்கும்."

இருளாயி குவளையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். நவமணியின் வலது கையைப் பிடித்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மூடினாள்.

"பேச்சு வரலேன்னா விடு. இத மட்டும் இப்படியே வச்சுக்க. மைப்பலகைய நீட்டுவாங்க. ஒருத்தன் வெரலப் பிடிக்க வருவான். நீ தெறக்காத. தெறக்காத கையில சர்க்காரு கூட மை பூச முடியாது."

நவமணி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள். திறந்தாள். மறுபடி அதேபோல மூடிப் பார்த்தாள்.

"வீட்ட விட்டு அனுப்பிருவாரே?"

"அனுப்பட்டுமே. அஞ்சு ஏக்கரு ஒன்னோட வரும். நா இங்க வந்தப்ப ரெண்டு ஏக்கரு லாலான்தான் இருந்துச்சு."

நவமணி எழுந்து தகரப் பக்கம் நடந்தாள். பலகையை ஒதுக்கப் போனவள் திரும்பினாள்.

"வாரேன் அத்தே."

மறுநாள் ஏழு மணி பஸ்ஸுக்குக் கங்காணியும் மருமகளும் ரோட்டில் நின்றார்கள். கங்காணி புது வேட்டி கட்டி, கக்கத்தில் பத்திரத்தோடு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருளாயி கத்தியும் வாளியுமாக மரத்தடியில் நின்று பார்த்தாள். பஸ் வந்தது. கங்காணி முதலில் ஏறினார். நவமணி பின்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரலைக் காணவில்லை.